டைக்கும் டேப்புக்கும் தமிழில் என்ன பெயர்? மரையா, புரியா, இழையா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

கலைச்சொல் பட்டியலில் ‘டேப் அண்ட் டை’ என்ற வரிக்கு எதிரே ‘குழாயும் அச்சும்’ என்று இருப்பதைப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு முழுவதும் பாலக்கோட்டில் எங்கள் வீட்டு வாசலில் குந்தி, அரை அங்குல ஜி.ஐ. குழாய்க்கு (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கையால் மரை, அதாவது திருகி ஏற்றுவதற்கான சுற்று வரி, வெட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த டேப்பில் தண்ணீர் வராது. அது துளையின் உட்புறத்தில் மரை வெட்டுகிற எஃகுத் தண்டு. டை என்பது கம்பிக்கும் குழாய்க்கும் வெளிப்புறத்தில் மரை வெட்டுவது. அச்சு என்றால் வார்ப்பதற்கும் அடிப்பதற்கும் உரியது. டை எதையும் அச்சடிக்கவில்லை, சீவி எடுக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற எங்கள் இணைப்பில் எல்போ என்கிற வளைவு இணைப்புக்குப் பக்கத்தில் மரையைத் துரு தின்று தண்ணீர் ஒழுகியது. மரை வெட்டும்போது குழாயின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது, துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். நாளை வருகிறேன் என்ற பிளம்பரின் நாளை மூன்று நாளாகியும் விடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓசூரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தன்னுடைய டை செட்டையும் குழாயை இறுக்கிப் பிடிக்க, கட்டையில் பூட்டிய பைப் வைஸையும் கொடுத்தார். கூடவே நின்று திட்டிக்கொண்டும் இருந்தார்.

கெட்டுப்போன நுனியை ரம்பத்தால் அறுத்தேன். “கோணலாக அறுத்தால் மரையும் கோணலாகத்தான் விழும்” என்று மறுபடி அறுக்கச் சொன்னார். உள்ளும் புறமும் பிசிரை அரத்தால் எடுத்தேன். டையைக் குழாயின் வாயில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்றுக்குத்தான் அழுத்தம். பல் கடித்துக்கொண்ட பிறகு டை தானே தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. பின்னே திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சீவல் அறுபடுகிற சத்தம் அது. நான் அவசரத்தில் இரண்டு முறை பின்னே திருப்பாமல் விட்டேன். “மூச்சு விடு தம்பி, அதற்கும் மூச்சு விடு” என்றார். ஊற்றிய எண்ணெய் கறுத்துச் சீவலோடு காலடியில் சொட்டியது. குழாயின் முனை டையின் மறுபக்க முகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் நீளத்துக்கு மரை விழுந்திருந்தது.

அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் மரை, மரை விழுந்தது, மரை தேய்ந்தது, பல், பிசிர், சீவல், டை. முதல் ஆறும் தமிழ். நமக்கு வேண்டியது ஏழாவதற்கும், அதன் ஜோடியான டேப்புக்கும் மட்டுந்தான். நான் முன்வைப்பவை: டைக்கு ‘மரைவளை’, டேப்புக்கு ‘மரையாணி’.

இப்படிக்கு,
பாலக்கோட்டுக்காரன்

*

தம்பிக்கு,

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பணிமனையில் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் மூன்று தடைகளைச் சொல்கிறேன்.

‘மரையாணி’ ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீடு. போல்ட்டுக்கு அந்தச் சொல் பல காலமாக வழங்குகிறது. டேப்பை அங்கே குடிவைத்தால் கடைக்காரர் கையில் போல்ட்டைக் கொடுத்து அனுப்புவார்.

அடுத்தது ‘மரை’யே. ஒருவனுக்கு மரை கழன்றுவிட்டது என்கிறோமே, கழன்றது எது? கம்பியில் வெட்டிய வரி கழலுமா? நட்டுதான் கழலும். ஆக மக்கள் வாயில் மரை என்பது நட்டுக்கும் பெயர். பள்ளிப் பாடநூல் இந்தக் குழப்பத்தில் மாட்டாமல் ‘புரி’ என்று எடுத்துக்கொண்டது. திருகு அளவியில் ‘புரியிடைத் தூரம்’ படிக்காத மாணவன் உண்டா? கயிற்றுக்கு முப்புரி, சங்குக்கு வலம்புரி, இடம்புரி என்று சுற்றுக்கு நம்மிடம் இருக்கிற பழஞ்சொல் அது. தருமபுரி மாவட்டத்துக்காரருக்குப் புரி கசக்கலாமா? (அந்தப் புரி வேறு என்று எனக்கும் தெரியும். ஊரின் பழம்பெயர் தகடூர் என்பதைப் பார்த்தால் உங்களிடம் உலோகச் சொல்லைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.)

கடைசியாக, பர்கூருக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழமையான இரும்புத் தொழில் இருந்த மண்ணில் கொல்லர் வழக்கிலேயே சொல் கிடைக்காதா? தேடிவிட்டுப் புதிதாகச் செய்வோமே.

*

ஓசூரிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் கையேட்டில் ‘திருகிழை’ என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் மரைக்கும் தையல் நூலுக்கும் ‘த்ரெட்’ என்று ஒரே சொல் என்பதால் இழை. இதையும் பரிசீலிக்கலாம்.

*

ஐயா அவர்களுக்கும் ஓசூர் நண்பருக்கும்,

இழையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலேயர் நூல் நூற்ற நினைவில் இரும்புக்கு வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அது போதாதென்று, நம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் நூல் என்பது அளவு: எட்டு நூல் ஓர் அங்குலம், மூன்று நூல் கம்பி என்றால் பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இழையை ஏற்றால் அதன் பின்னாலேயே நூலும் வரும். அரை அங்குலக் குழாயில் அங்குலத்துக்கு 14 மரை. அதைப் ‘பதினான்கு நூல்’ என்று யாராவது சொல்லிவிட்டால் கேட்பவர் குழாயின் குறுக்களவை ஒன்றே முக்கால் அங்குலம் ஆக்கிவிடுவார்.

ஐயா, மரையாணியைத் திரும்பப் பெறுகிறேன். அதில் உங்கள் பக்கந்தான் நியாயம். அதற்குப் பதில் ‘மரைமுளை’. மாடு கட்டுகிற முளைபோலத் துளைக்குள் இறங்குவது, முனை கொஞ்சம் சிறுத்திருப்பது.

மரை கழன்ற கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அதே மக்கள்தான் ‘மரை தேய்ந்துவிட்டது’, ‘மரை மழுங்கிவிட்டது’ என்றும் சொல்கிறார்கள். அங்கே மரை என்பது வரி. ஒரே சொல் வரியையும், வரி வெட்டிய உருப்படியையும் குறிப்பது நமக்குப் புதிதல்ல, குழாய் என்று பைப்பையும் தண்ணீர் திறக்கிற திருகையும் சேர்த்தே சொல்லிக் காலம் தள்ளுகிறோம். நட்டுக்குச் ‘சுரை’ என்ற சொல்லும் இருக்கிறது. பட்டியலில் வரிக்கு மரை, நட்டுக்குச் சுரை என்று பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை.

புரி எனக்குக் கசக்கவில்லை, பாடநூலில் இருக்கட்டும். ஆனால் அதை எடுத்தால் வலம்புரி கூடவே வந்து நிற்கும். சங்கில் வலம்புரி அபூர்வம், சாதாரணமாகக் கிடைப்பதெல்லாம் இடம்புரி. மரையிலோ தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் ஏறுவதுதான் எங்கும் இருப்பது. இடப்பக்கம் ஏறுவது சைக்கிளின் இடது பெடலிலும், வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் சிலிண்டரிலும் என்று சில இடங்களில் மட்டும். கடையில் போய் ‘வலம்புரி போல்ட் கொடுங்கள்’ என்று கேட்டால் பூஜைக்கு வாங்குவதாக நினைப்பார்கள். வலமரை, இடமரை என்றால் தீர்ந்தது.

மயிலாடும்பாறை எனக்கும் பெருமைதான். ஆனால் பழைய கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்தவர், தறையாணி (ரிவெட்) அடித்தவர். குழாய் மரையின் 55 பாகைக் கோணம் 1841-இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையிலிருந்து வந்தது. நம் குழாய் மரையின் அளவுமுறை இன்றும் அதன் வழிதான். அந்தக் கருவிக்குக் கொல்லர் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

இன்னொரு சொல் விடுபட்டிருக்கிறது. குழாய் மரை நேராக இருப்பதில்லை, 16 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குறுக்களவு 1 மில்லிமீட்டர் சிறுக்கிறது. அதனால்தான் கையால் மூன்று நான்கு சுற்று ஏறிய பிறகு ஸ்பேனர் கேட்கிறது, அந்த இறுக்கத்தில்தான் தண்ணீர் நிற்கிறது. போல்ட் மரைக்கு இது கிடையாது. ஆகவே குழாயில் இருப்பது ‘ஒடுங்குமரை’, போல்ட்டில் இருப்பது ‘நேர்மரை’. ‘கூம்பு மரை’ என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: 16-க்கு 1 என்ற சரிவு கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கூம்பு என்றால் மனத்தில் ஐஸ்கிரீம்தான் வருகிறது.

*

தம்பி, சுரை, வலமரை, ஒடுங்குமரை மூன்றையும் ஒப்புகிறேன். மரைமுளை நன்றாக இருக்கிறது. மரைவளையில் மட்டும் ஒரு உறுத்தல். வளை என்றால் எங்கள் பக்கம் எலி வளை. வளையல் யாருக்கும் நினைவுக்கு வராது.

*

ஐயா, இதைப் பெரியவரிடமே கேட்டேன். பழைய டையைக் கழற்றி நான்கு பல்லையும் டீசலில் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் வெட்டியிருக்கிறது, இடம் மாற்றிப் பூட்டினால் மரை கிழியும். (இதற்கு ‘மரைப்பல்’ என்று குறித்துக்கொண்டேன். ‘பல்செட்’ என்று சொல்லிப் பார்த்தேன், அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.) எலி வளை விஷயத்தைச் சொன்னதும், “எலி போகிற மாதிரித்தானே குழாயும் உள்ளே போகிறது, அப்புறம் என்ன?” என்றார். பெயர் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், அடுத்த முறை துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடு என்றும் சொன்னார்.

எனவே மரைவளை, மரைமுளை, மரைப்பல், ஒடுங்குமரை, நேர்மரை, வலமரை, இடமரை ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். டையைத் தாங்கிப் பிடித்துச் சுற்றுகிற இரட்டைக் கைச்சட்டத்துக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. பெரியவர் அதை ‘பிடி’ என்றுதான் சொல்கிறார். அது போதுமா?