பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மூச்சுக் கருவி) போட்டால் அப்பாவுக்கு வயிறு உப்புகிறது, என்ன செய்யலாம்?

அப்பாவுக்கு 71 வயது, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). இரண்டு மாதமாக இரவில் பைபாப், ஐபாப் (மூச்சை இழுக்கும்போது தரும் காற்றழுத்தம்) 18, ஈபாப் (மூச்சை விடும்போது இருக்கும் அழுத்தம்) 6, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க். மூச்சு பரவாயில்லை, ஆனால் விடிந்ததும் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, தட்டினால் டம்டம் என்கிறது, ஏப்பம் விட்டு விட்டே பாதிக் காலை போய்விடுகிறது, ஒரு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. பொதுவாக அழுத்தம் 20க்குக் கீழே இருந்தால் வயிற்றுக்குள் காற்று அதிகம் போகாது என்றார் டாக்டர், இவருக்கு 18லேயே போகிறது!

தலைமாட்டை உயர்த்தி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துதான் மாட்டுகிறோம். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் தேவலை. செட்டிங்கை நாங்களாகத் தொடவில்லை, அடுத்த வாரம்தான் டாக்டரைப் பார்க்கிறோம். மூக்கு மாஸ்க்குக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குறைந்ததா? தூக்கத்தில் வாய் பிளந்துகொள்ளும் ஆளுக்குத் தாடைப் பட்டை சரிவருமா?