ஊட்டி, குன்னூர் பக்கம் ஃப்ரன்ட் லோடு மெஷின்: எந்தப் பவுடர், எவ்வளவு?

எல்லநள்ளி:
கதவுக் கண்ணாடி முழுக்க நுரை நிற்கிறது, கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு வருகிறது என்று கேட்டவருக்கு: மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. கோயம்புத்தூரில் போர் தண்ணிக்குப் போடும் அளவை இங்கே போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஊட்டிக்கு வரும் பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணியும் சரி, குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணியும் சரி, சோலையிலும் புல்வெளியிலும் பெய்த மழைதான். சுண்ணாம்பு அதிகம் ஏறாத மென்னீர். பவுடரில் ஒரு பங்கைத் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போடுவதற்கென்றே சேர்க்கிறார்கள். கட்டிப்போட இங்கே அவை சொற்பமாகத்தான் உண்டு. அதனால் மிச்சமெல்லாம் நுரையாகவும் படிவாகவும் நிற்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். 7 கிலோ மெஷினில் 4 முதல் 5 கிலோ துணிக்கு 35–40 கிராம் தாராளம். தோட்டத்துச் சேறு படிந்த துணி என்றால் 60 வரை போகலாம். ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து, கரண்டியில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் போதும்.

துவைப்பு பாதியில் இருக்கும்போது கண்ணாடியைப் பாருங்கள். நுரை அடி மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அளவு சரி. அதற்கு மேல் போனால் அடுத்த முறை 5 கிராம் குறையுங்கள்.

சொந்தக் கிணறு, ஊற்று, போர் வைத்திருப்பவர்கள் மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பாதி தண்ணி, அதில் நாலு சொட்டு சாதா சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினால், கீழே தெளிவாகவும் மேலே கெட்டி நுரையாகவும் இருப்பது மென்னீர். பால் மாதிரி கலங்கி நுரை எழும்பாவிட்டால் கடினத் தண்ணி. அதற்குப் பாதி அளவு பற்றாது. டிடிஎஸ் மீட்டர் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுவது.

பெட்போர்டு:
எல்லநள்ளி அண்ணா சொன்னதோடு ஒன்று. கையால் துவைக்கும் பவுடரை அளவு குறைத்துப் போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. டாப் லோடில் துணி நிறைய தண்ணியில் சுழல்கிறது. ஃப்ரன்ட் லோடிலோ கொஞ்சத் தண்ணியில், டிரம் மேலே தூக்கிக் கீழே போடும் அடியில்தான் அழுக்கு போகிறது. நுரை மெத்தையாக நின்றால் அந்த அடி விழாது. பம்ப்பும் தண்ணியை இழுக்காமல் நுரையை இழுத்துத் திணறும். மெஷின் நுரையை உணர்ந்து தானே அலசலைக் கூட்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடியவேண்டியது நீண்டுகொண்டே போகும். ஃப்ரன்ட் லோடு என்று அட்டையிலேயே போட்டிருக்கும் பவுடரில் நுரையை அடக்கும் பொருள் கலந்திருக்கும். சர்ஃப் எக்ஸெல் மேட்டிக், ஏரியல் மேட்டிக் இரண்டிலுமே டாப் லோடு, ஃப்ரன்ட் லோடு என்று தனித்தனிப் பாக்கெட் உண்டு. கடையில் 'மேட்டிக்' என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

நுரை பொங்கிவிட்டால்: கதவைத் திறக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி கம்ஃபர்ட் மாதிரியான சாஃப்ட்னரை அரை லிட்டர் தண்ணியில் கலந்து பவுடர் டிராயரில் II என்று போட்ட அறையில் ஊற்றுங்கள், நுரை படுத்துவிடும். பிறகு ரின்ஸ்-ஸ்பின் ஒன்று ஓட்டுங்கள்.

குந்தா:
அளவு சரி, ஆனால் குளிரை யாரும் சொல்லவில்லையே. சமவெளியில் 'கோல்டு' என்று வைத்தால் 25 டிகிரிக்கு மேலேயே தண்ணி வரும். மார்கழி, தையில் இங்கே குழாய்த் தண்ணி 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் பவுடர் சரியாகக் கரையாது, அதிலுள்ள கறை தின்னும் என்சைமும் மந்தமாகிவிடும். கறுப்புத் துணியில் திட்டு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சாதாரணத் துணிக்கு 40 டிகிரி வையுங்கள். கரண்டு பயம் வேண்டாம்: 15 லிட்டர் தண்ணியை 10-லிருந்து 40-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். 2000 வாட் ஹீட்டர் என்றால் கால் மணி நேரம் கூடுதல். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இன்னும் இழுக்கும். காலையில் ஓட்டாமல், மேல்தொட்டியில் வெயில் பட்ட பிறகு மதியம் ஓட்டினால் கொஞ்சம் மிச்சம். கண்டிப்பாக கோல்டுதான் என்றால் லிக்விட் வாங்குங்கள், குளிரிலும் கரையும். ஆனால் லிக்விட்டில் பொதுவாக வெளுக்க வைக்கும் ஆக்சிஜன் பிளீச் இருக்காது. பள்ளிச் சட்டை, வேட்டி எல்லாம் நாளாக ஆகப் பழுப்படிக்கும், வெள்ளைக்குப் பவுடர்தான். டிலே ஸ்டார்ட், ப்ரீ-வாஷ் வைக்கும்போது லிக்விட் வேண்டாம், துவைப்புத் தொடங்கும் முன்பே வழிந்து போய்விடும்.

கோத்தகிரி அக்கா:
ஸ்வெட்டர், சால்வை, கம்பளித் தொப்பி இல்லாத வீடு இங்கே ஏது? இந்த மேட்டிக் பவுடர்களைக் கம்பளிக்குப் போடாதீர்கள். இரத்தம், பால் கறையைத் தின்னும் என்சைம் கம்பளி, பட்டு நாரையும் தின்னும், அதுவும் புரதம்தானே. ஈஸி மாதிரி உல்லனுக்கான லிக்விட், அதுவும் மென்னீருக்குக் குறைவாக. வுல் ப்ரோக்ராம், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், 7 கிலோ மெஷினில் 2 கிலோவுக்கு மேல் போடக்கூடாது, ஸ்பின் 600-ஐத் தாண்டக்கூடாது. கனமான ரஜாயை வீட்டு மெஷினில் திணிப்பது வீண் வேலை. தண்ணி குடித்ததும் ஒரு பக்கம் கனத்து, சமநிலை கிடைக்காமல் ஸ்பின்னே எடுக்காது.

தைலம் நம் ஊர்ச் சரக்குதான், அதற்காக வாசனைக்கு என்று சாஃப்ட்னர் அறையில் யூகலிப்டஸ் தைலம் ஊற்றுகிறார்களே, வேண்டாம். ரப்பரை இளக்கிவிடும்.

கேத்தி கேரட்:
தோட்ட வேலைத் துணிக்கு. செம்மண் சேற்றை ஈரத்தோடு மெஷினில் போடாதீர்கள். காயவிட்டு உதறி, பிரஷ் போட்டு, வாளித் தண்ணியில் ஒரு அலசு அலசிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் மணல் எல்லாம் கீழே பம்ப் ஃபில்டரில் சேரும். மாதம் ஒரு தடவை அதைக் கழற்றுங்கள்: முன்பக்கம் அடியில் சின்னக் கதவு, முதலில் அங்குள்ள குட்டிக் குழாயில் தண்ணியைத் தட்டில் வடித்துவிட்டு, பிறகு மூடியை இடப்பக்கமாகத் திருகுங்கள். மழைக்காலத்தில் கலங்கல் தண்ணி வரும்போது பின்னாலுள்ள இன்லெட் வலையும் அடைத்துக்கொள்ளும். எல்ஜியில் IE என்று காட்டினால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் அந்த வலையைப் பாருங்கள்.

துணியில் துருக்கறை மாதிரி மஞ்சள் படிந்தால் அது தண்ணியிலுள்ள இரும்பு. குளோரின் பிளீச் போட்டால் கறை இன்னும் உறுதிப்படும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டுத் துவையுங்கள். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது, விஷவாயு வரும். தேயிலைக் கறைக்கு சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச் பவுடர்), 40 டிகிரிக்கு மேல். பச்சைத் தண்ணியில் அது வேலை செய்யாது.

பெட்போர்டு:
மழைக்கால நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நானே. ஆனி, ஆடி மூடுபனியில் டிரம் உள்ளே காய்வதே இல்லை. மிச்சப் பவுடரும் சாஃப்ட்னரும் வெளித் தொட்டியில் கொழகொழவென்று படிந்து, அதில் பூஞ்சை பிடிக்கிறது. மாதாமாதம் டீஸ்கேலிங் பவுடர் வாங்கச் சொல்வார்கள். அது சுண்ணாம்பைக் கரைக்க; மென்னீரில் சுண்ணாம்பு எங்கே? அந்தக் காசை மிச்சப்படுத்தி, மாதம் ஒரு தடவை துணி இல்லாமல் 100 கிராம் பெர்கார்பனேட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள், கொழுப்பும் பூஞ்சையும் போகும். கதவு ரப்பரின் மடிப்புக்குள் அடிப்பக்கம் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். கதவையும் பவுடர் டிராயரையும் திறந்தே வையுங்கள்.

குந்தா:
இன்னொன்று, சரிவில் வீடு கட்டியவர்களுக்கு. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும், அதாவது தொட்டி 3 மீட்டர் மேலே இருக்க வேண்டும். தகரக் கூரை உயரத்தில் தொட்டி இருந்தால் எட்டாது, மெஷின் தண்ணிக்குக் காத்தே நிற்கும். நேர்மாறாக, மேட்டிலிருந்து நேரே பைப் வரும் வீடுகளில் 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 பார் வீதம் ஏறும். 100 மீட்டர் இறக்கம் என்றால் 10 பார், ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு போட்ட பிறகுதான் மெஷினை இணைக்க வேண்டும்.