குன்னூர் பக்கத்து எஸ்டேட் பங்களாத் தோட்டம்: வயதை எப்படிக் கணிப்பது?

கேள்வி (தேயிலைமேடு):
குன்னூருக்கு அருகே ஒரு பழைய எஸ்டேட் பங்களா. முன்பக்கம் மூன்று அடுக்குக் கல் மேடை, ஓரத்தில் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்), ஒரு பெரிய சைப்ரஸ், வேலியோரம் பெயர் தெரியாத நாலைந்து மரங்கள். நடைபாதை விளிம்பில் குத்தவைத்த ஓடுகளில் 1865 என்று அச்சு இருக்கிறது. 1850-ல் போட்ட தோட்டம் என்று விற்பனைக் குறிப்பு சொல்கிறது. சீரமைப்பு தொடங்கும் முன் உண்மையான காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1 (பழையபத்திரம்):
முதலில் காகிதம். எஸ்டேட் பெயரை நம்பித் தேடாதீர்கள், கை மாறும்போது பெயரும் மாறும். சர்வே எண்ணைப் பிடியுங்கள். மறு அளவையில் எண்ணும் மாறியிருக்கும் என்பதால், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் பதிவேட்டை முதலில் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் வில்லங்கம் சில பத்தாண்டுகளோடு நின்றுவிடும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுப் போட வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீலகிரி 1868-ல்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமானது. அதற்கு முந்தைய குன்னூர் ஆவணங்களைக் கோயம்புத்தூர் மாவட்டப் பதிவுகளில் தேட வேண்டும். ஊட்டி என்றால் இன்னும் சிக்கல்: 1830 முதல் 1843 வரை அது மலபாரோடு இருந்தது. கூடலூர்ப் பக்கத்துத் தென்கிழக்கு வயநாடு 1877-ல்தான் நீலகிரிக்கு வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தவறான மாவட்டத்தின் கட்டைப் புரட்டிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருபவர்கள் நிறைய.

பத்திரம் நிலத்துக்கு வயது சொல்லும், தோட்டத்துக்குச் சொல்லாது. சொத்து விவரத்தில் பங்களா, குதிரை லாயம், தோட்டம் என்று தனித்தனியாக எழுதியிருந்தால் மட்டும்தான் அது சாட்சி.

பதில் 2 (சோலைக்காடு):
மரங்களுக்கு வருகிறேன். ஒரு மரம் "இதற்கு முன் இல்லை" என்ற எல்லையை மட்டுமே தரும். கற்பூர மரம் நீலகிரிக்கு 1843 வாக்கில் வந்தது, பெருமளவில் நட்டது அதற்கும் பிறகு. மான்டெரி சைப்ரஸ் என்ற வகைக்குத் தாவரவியலார் முறையாகப் பெயரிட்டதே 1840-களின் பிற்பகுதியில்தான். எனவே உங்கள் சைப்ரஸ் அந்த வகையானால், 1850-ல் நட்டதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சுற்றளவை வைத்து வயது சொல்லும் இங்கிலாந்துக் கணக்கை, அதாவது வெட்டவெளி மரத்துக்கு ஆண்டுக்கு 2.5 செ.மீ. என்பதை, இங்கே போடாதீர்கள். கற்பூர மரம் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பருக்கும். ஆண்டு முழுக்க வளர்வதால் வளையமும் நம்பகமாக விழாது. ஒரு முறை வெட்டினால் அடியிலிருந்து மறுதாம்பு விடும், அதனால் தண்டு நூறு வருடம் இளையதாகவும் வேர் பழையதாகவும் இருக்கலாம். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று தண்டுகள் ஒரே அகன்ற கட்டையிலிருந்து கிளம்பியிருந்தால், தண்டின் சுற்றளவை மறந்துவிடுங்கள். ஒற்றைத் தண்டு மரமானால் சரிவின் மேல்பக்கம் நின்று 1.37 மீட்டர் உயரத்தில் அளந்து குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

வேலியோரப் பெயர் தெரியாத மரங்கள்தான் எனக்கு ஆர்வம். எதிரெதிர் இலை, உதிரும் முன் சிவக்கிறது என்றால் குயினைன் மருந்து எடுக்கும் சிவப்புப் பட்டைச் சின்கோனாவாக இருக்கலாம். ஒரு சிறு கிளையின் பட்டையில் நகத்தளவு கீறுங்கள். சாறு முதலில் நிறமில்லாமல் வரும், பால்போல் வெளுக்கும், காற்றுப் பட்டதும் சிவக்கும். நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் போகாது.

அது சின்கோனாதான் என்றால் பெரிய தடயம். விதையும் கன்றும் 1860–61-ல்தான் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தன. ஊட்டிப் பூங்காவை அமைக்க 1848-ல் வந்த மெக்ஐவர்தான் தொட்டபெட்டா, நடுவட்டம் அரசுத் தோட்டங்களையும் வளர்த்தார். பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி, புதுப்பட்டை வளர்க்கும் முறை அவருடையது. பின்னர் ஜாவாவிலிருந்து சத்து மிகுந்த பட்டை குவிந்ததும் விலை சரிந்தது, தனியார் எஸ்டேட்டுகள் சின்கோனாவைப் பிடுங்கித் தேயிலைக்கு மாறின. வேலியில் தப்பியவை அந்தக் காலத்தின் மிச்சமாக இருக்கலாம். தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

பதில் 3 (கல்லும்காரையும்):
ஓட்டில் உள்ள 1865 உற்பத்தி ஆண்டு அல்ல! மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பின்னாளில் செய்த ஓட்டிலும் அதே எண் வரும். காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயர் இருந்தால் முதல் உலகப்போருக்குப் பிந்தையது, ஏனெனில் போரின்போது மிஷனிடமிருந்து ஆலை கைமாறியது. மேலும், விளிம்பில் நட்டிருப்பது கூரையிலிருந்து கழற்றிய பழைய ஓடாக இருக்கும். அது எப்போது மண்ணுக்கு வந்தது என்று யார் சொல்வது?

மேடைச் சுவரின் இணைப்புக் காரையைக் கத்தியால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்து வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்புக் காரை. கத்தி வழுக்கினால் சிமெண்ட், அதாவது பிற்கால வேலை. மேலோட்டமாகச் சுரண்டி ஏமாறாதீர்கள், பழைய சுவருக்குச் சிமெண்டால் மேல்பூச்சுப் பூசியிருப்பார்கள். 5 செ.மீ. ஆழம் வரை போங்கள். அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது வீண், சிமெண்டும் நுரைக்கும்.

இரண்டாம் மேடையில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 60 × 60 செ.மீ. குழி ஒன்று, 90 செ.மீ. ஆழம். செம்மண்ணுக்கு அடியில் கருத்த மேல்மண் வந்தால் மேலுள்ளது கொட்டி நிரப்பியது. அந்தக் கருமண்ணின் மேல் கிடக்கும் பீங்கான், பாட்டில் துண்டுகளை எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி எடுத்து வையுங்கள். மேடை கட்டிய காலத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தேயிலைமேடு:
மிக்க நன்றி. கீழ்ச் சுவர் ஒரு இடத்தில் வயிறு தள்ளியிருக்கிறது. சிமெண்ட் பூச்சும் இருக்கிறது. குழியை முதலில் தோண்டலாமா?

கல்லும்காரையும்:
வேண்டாம், சுவர்தான் முதலில். சிமெண்ட் பூச்சு நீர்க்கசிவுத் துளைகளை அடைத்துவிட்டது, உள்ளே நீர் தேங்கித் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் துளைகளைத் திறந்து, அடியில் உள்ள கல் வடிகாலைத் தூர்வாருங்கள். பூச்சைக் கொத்தி எடுத்த பின் 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்துக் கட்டும்போது ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸில் எண் போட்டுப் படம் எடுங்கள். சுவருக்குப் பின்னால் மண் அடுக்குகளின் வெட்டுமுகம் தானாகவே தெரியும், நீங்கள் தோண்டவிருந்த குழிக்குத் தேவையே இருக்காது.