பூக்கல் பட்டறைக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்கிற அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: வளவு டீச்சர்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். பள்ளி தொடங்கி இது மூன்றாவது வருஷம். மொத்தம் 34 பிள்ளைகள். பூட்டிக் கிடந்த ஒரு செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றித்தான் வகுப்புகள். மழை வந்தால் நாலு பக்க ஓட்டுச் சாய்ப்பிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். அன்றைக்குக் கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும்.

பாடத்தை ஊருக்குள் போய்த் தொடங்கணும், புத்தகத்தை அப்புறம் திறக்கணும் என்பதுதான் எங்கள் எண்ணம். சமச்சீர் புத்தகத்தை விடவில்லை, வரிசையைத்தான் மாற்றினோம். முதல் பருவத்தில் பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) பின்னும் ஆச்சிகளிடம் போகிறோம். இரண்டாம் பருவத்தில் ஊருணி. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மூங்கிலில் அடியும் அங்குலமும் குறித்துப் படித்துறை ஓரமாக நட்டோம். பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் போய் நீர்மட்டத்தை எழுதினார்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் குப்பை அடைத்திருந்த இடத்தை அவர்களே கண்டுபிடித்து ஊராட்சியில் கடிதம் கொடுத்தார்கள்.

மூன்றாம் பருவத்தில் ஆத்தங்குடி, பூக்கல் பட்டறை. தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்லைக் கையால் செய்யும் இடம். போன வருஷம் போனதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடித் துண்டைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டமும் பூ அச்சும் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் மணலும் சிமெண்டும் உலர்ந்த பொடியாக ஒரு தூவல், அப்புறம் ஈரக் கலவை. கொஞ்ச நேரம் காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள்.

அப்போது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "காய வைக்கத்தானே வேணும், எதுக்குத் தண்ணிக்குள்ள போடுறாங்க?" சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கல்லுக்கு வலு இருக்காது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. இரண்டு தீப்பெட்டியில் கலவை ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை ஈரச் சாக்குக்குள்ளும் வைத்து, அவனே ஆணியால் கீறிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

கணக்கும் அங்கேதான் வந்தது. 15 அடிக்கு 20 அடி அறைக்கு 10 அங்குலக் கல் எத்தனை வேண்டும்? ஐந்தாம் வகுப்பினர் 300 சதுர அடியை 144 சதுர அங்குலத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து 432 என்றார்கள். கல் போடுகிற அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 24, 432" என்றார். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த வருஷம் நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் அப்பா வேறொரு பட்டறையில் கல் போடுகிறவர். பட்டறைக்குப் போவதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதும் அவர் எழுந்து, "டீச்சர், எம்புள்ள இதுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் பீஸ் கட்டி அனுப்புறேன். நீங்க திரும்ப அங்கேயே கூட்டிட்டுப் போறேங்கிறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. எங்கள் எண்ணம் தப்பா, அதைச் செய்கிற விதம் தப்பா? அவருக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

அம்மா, அவருக்கு விவரம் தெரியவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதற்குப் பின்னால் எழுபது வருஷக் கதை இருக்கிறது.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம், மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டத்தைக் கைவிட்டார். தமிழ்நாட்டில் கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவருகிற எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். 1937இல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்வி வேறு. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் எல்லோருக்கும் ஒரு கைத்தொழில் என்றார் அவர். அப்பன் தொழில் மகனுக்கு என்று சொல்லவில்லை. நீங்கள் செய்வது இரண்டாவது வகை. ஆனால் அந்த அப்பாவின் கண்ணுக்கு முதல் வகையாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததில் நியாயமும் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஓலை, ஊருணி, பூக்கல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஊர் என்றால் இவ்வளவுதானா? அதே 1953இல்தான் காரைக்குடியில் சிக்ரி திறந்தார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தீப்பெட்டியில் கலவை ஊற்றிய பையனை அங்கேயும் கூட்டிப்போக அனுமதி கேட்டு எழுதுங்கள். கல் போடுகிறவர் மகள் ஆய்வகத்து வாசலிலும் நிற்கணும், கடைக்காரர் மகன் பட்டறையில் கையை நனைக்கணும். அப்படி இருந்திருந்தால் அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் 2007இல், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் வந்தபோது மேசையை எடுத்துவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். "தரையில உக்கார வைக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் அட்டைகளைக் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். எதுவும் எடுபடவில்லை. மறுநாள் நானும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை.

பதில்: பூக்கல்காரர் மகள்

அக்கா, எங்க அப்பா கல் போட்டவர். நான் இப்போது மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். அதனால் அந்த அண்ணன் பக்கமிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

சிமெண்ட் கையை அரித்துவிடும். ராத்திரி அப்பா தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். சாம்பாரில் கை வைத்தால் எரியும் என்று அம்மா தயிர்ச் சோறு பிசைந்து கொடுப்பார். உங்கள் பிள்ளைகள் பார்த்தது அச்சைத் தூக்கினால் பூ நிற்கிற அழகு. அது உண்மைதான், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த வீட்டுப் பெண் பார்த்து வளர்ந்தது கையை. மற்ற பிள்ளைகள் "ஐ, சூப்பர்" என்று நிற்கும்போது அவள் எங்கே நிற்பாள்?

அப்புறம் கூலி. அப்பாவுக்குக் கல் கணக்கில்தான் கூலி. இருபது பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி கேட்டால் அன்றைக்குக் கல் குறையும். எங்கள் பட்டறைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். போட்டோ எடுப்பார்கள், நன்றி சொல்வார்கள், போய்விடுவார்கள். குறைந்த கல்லுக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்க வந்தவர்களிடம் அதைக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம்.

என் யோசனை ஒன்றுதான். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், பாடம் எடுக்க வரச் சொல்லிக் கேளுங்கள். பட்டறையில் வேண்டாம், உங்கள் பள்ளியில். ஒரு முழு நாள் கூலியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கரும்பலகையில் கணக்கு ஆசிரியர் என்று அவர் பேரை எழுதுங்கள். 18க்கு 24 என்று மனசுக்குள் போடுகிறவருக்கு அந்தப் பேர் பொருந்தும். பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம்.

பதில்: ஒரு அப்பா, புதுவயல்

எல்லாம் சரி. ஐந்தாம் வகுப்புக்கு மேலே என்ன வழி? நானும் மகனைச் சேர்க்க நினைத்தேன், அதுதான் தயக்கம்.

வளவு டீச்சர்

புதுவயல் அண்ணனுக்கு: ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். முதல் வருஷம் ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் இப்போது அங்கேதான். முதல் மாதம் மணிக்கணக்கில் எழுதச் சிரமப்பட்டார்கள். அது எங்கள் குறை. இந்த வருஷம் ஊருணிக் குறிப்பைத் தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கிறோம்.

ஐயா, சிக்ரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஊர் என்றால் இவ்வளவுதானா என்று கேட்டீர்களே, அதை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தேன். யாருக்கும் அது தோன்றவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

தங்கச்சி, உன் பதிலை மூன்று தடவை படித்தேன். போன வருஷம் நாங்கள் போன பட்டறைக்கும் நாங்கள் கூலி கொடுக்கவில்லை. அரைக் கிலோ மிட்டாய் வாங்கிக்கொண்டு போனோம். நேற்று முதலில் அங்கே போய் அந்த நாளுக்கான பணத்தைக் கொடுத்தேன். அண்ணன் வாங்க மறுத்தார். அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். நீ சொன்னபடியே கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. மகள் நிலைப்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்கா? நான் எட்டாவதுதான் டீச்சர்" என்றார். 432ஐப் பற்றிச் சொன்னேன். "அது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை என்றேன்.

அமாவாசைக்குப் பட்டறை லீவு, அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மகள் கலவையைத் தொடக்கூடாது, கணக்கு மட்டும் போடட்டும் என்றார். சரி என்றேன். வாசல் வரைக்கும் வந்தவர், "கண்ணாடிய மட்டும் கடையில வாங்கிராதீங்க டீச்சர். புதுசுல முனை கிழிக்கும். தேய்ஞ்சதா நான் கொண்டாரேன்" என்றார்.