புதுப்பிப்பு: உபகரணத் தலைப்பில் மீந்த பணம்

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில், மத்திய அரசு மானியத்தின் உபகரணச் செலவுத் தலைப்பில் மீந்த பணத்தை ரசாயனம் வாங்கத் திருப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

கல்லூரி முதல்வர் கையெழுத்து மட்டும் போதாது. உபகரணம் மூலதனச் செலவு, ரசாயனம் தொடர் செலவு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற, மானியம் தந்தவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

கோப்பு சிக்குவது பெரும்பாலும் மானியப் பணத்துக்கு வங்கி தந்த வட்டியில்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 230(8)-படி அதை அரசுக்குத் திருப்பிக் கட்டியாக வேண்டும். 12-ஏ படிவத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றிதழில் (மானியம் செலவான கணக்கு) வட்டிக்கென்றே கட்டம் உண்டு; அங்கே சும்மா பூஜ்யம் போட்டால் பாஸ்புக்கை வைத்தே தணிக்கையில் பிடித்துவிடுவார்கள். சப்ளையருக்குக் கொடுத்த முன்பணத்தையும் செலவில் சேர்க்காதீர்கள்.

மார்ச் மாத அவசரக் கொள்முதல், அதே விதிகளின் 62(3)-படி நிதி ஒழுங்குமீறல் (எல்லாரும் செய்வதுதான்!). அதனால் டிசம்பரிலேயே அனுமதி கேட்கும் கடிதம் போய்விடட்டும்.