சின்னப் பிள்ளைகளோடு காந்தி பூங்காவா, கல்லடிக் கடற்கரையா?

ஆரையம்பதி அம்மா:
மூத்தவளுக்கு மூன்று வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஞாயிறு பின்னேரம் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் காந்தி பூங்காவுக்குப் போவோம் என்கிறார் இவர். கல்லடிக் கடற்கரைதான் நல்லது என்று தம்பி நிற்கிறான். நீங்கள் எங்கே கூட்டிப் போகிறீர்கள்?

கல்லடிக்காரன்:
தம்பி சொல்வதுதான் சரி, அக்கா. மண் இருந்தால் வேறு விளையாட்டுச் சாமான் தேவையில்லை. விழுந்தாலும் அடிபடாது. ஞாயிறு பின்னேரம் பூங்கா ஊஞ்சலில் பெரிய பிள்ளைகள் ஏறினால் இறங்குவார்களா? உங்கள் சின்னவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வாவிக்கரை:
நான் பூங்கா பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு என் மாமியார் கடல் பக்கமே வருவதில்லை. நம் ஊரில் இப்படி எத்தனை வீடுகள்! அம்மம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அது குடும்பமாகப் போனதாகுமா? பூங்காவில் அவர் மர நிழலில் இருப்பார், பேரப்பிள்ளை அவர் காலடியில் விளையாடும்.
ஆனால் பின்னேரம் வேண்டாம், விடிய ஆறரைக்குப் போங்கள். கச்சான் என்கிற சூடான தென்மேல் காற்று வீசும் ஆனி, ஆடியில் நாலு மணிக்கும் சூடு தணியாது. இரும்புச் சறுக்கில் பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்கே பொறுக்காது என்றால், கட்டைக் காற்சட்டை போட்ட பிள்ளையின் தொடை என்ன பாடுபடும்?

கல்லடிக்காரன்:
அண்ணன், ஞாயிறு விடிய யாருக்கு ஏலும்? சிலருக்குக் கோயில், சிலருக்குப் பூசை, பெரிய பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு. கிழமை முழுக்க வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள்தான் நித்திரை. அலை இல்லை என்பதற்காக வாவிக்குப் பயப்படாமல் இருக்கலாமா? கடலில் அலையைக் கண்டால் பிள்ளை தானே பின்வாங்கும். வாவித் தண்ணீர் அசையாமல் கிடக்கும், நேரே நடந்து போய்விடும்.

வாவிக்கரை:
வாவியைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை தம்பி. அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்கிறேன். அந்தப் பெரியவர் எப்போதும் தண்ணீர்ப் பக்கமாக நிற்க வேண்டும். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட வேண்டும். ஆனால் அலையைக் கண்டு பிள்ளை பின்வாங்கும் என்பதை நம்பவே மாட்டேன். ஒன்றரை வயதுப் பிள்ளை நுரையைப் பிடிக்கத்தான் ஓடும். மார்கழி, தையில் கல்லடி அலை பெரிய ஆளையே புரட்டிவிடும்.

தாதி அக்கா:
எங்கே போனாலும் ஒரு விசயம். சுருளில் கச்சான் கடலை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் வேண்டவே வேண்டாம். கடைவாய்ப்பல்லால் நன்றாக அரைக்கத் தெரியாத வயது. சிரித்துக்கொண்டு ஓடும்போது ஒரு கொட்டை மூச்சுக்குழாய்க்குள் போனால் போதும். வெடித்த பலூன் துண்டும் அப்படித்தான், உடனே பொறுக்கிவிடுங்கள்.
அப்புறம், மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதுவும் விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் அதிகம். நீங்கள் இருவரும் சொல்லும் நேரங்கள் அவைதான்.

கல்லடிக்காரன்:
அதை ஏற்கிறேன் அக்கா. ஆனால் எல்லாரும் பிள்ளையை மட்டுமே பார்க்கிறீர்கள். அம்மாமாருக்கும் ஒரு பொழுது வேண்டாமா? விடிய எழும்பி, புட்டவித்து, பிள்ளைகளை உடுப்பாட்டிக்கொண்டு ஓடுவதென்றால் அது அவர்களுக்கு இன்னொரு வேலை நாள். பின்னேரம் என்றால் சமையல் முடிந்திருக்கும், ஆறுதலாக வரலாம்.

வாவிக்கரை:
அப்படியென்றால் அப்பாமார் புட்டவிக்கட்டும். பாணும் வாழைப்பழமும் எடுத்துப் போனாலும் சரிதான். விடிய போனால் சின்னப் பிள்ளைக்கு ஊஞ்சல் கிடைக்கும், இறங்கச் சொல்ல யாரும் இல்லை. ஒரு மணித்தியாலம் போதும். கண்ணைக் கசக்கத் தொடங்கினால் புறப்படுங்கள். இன்னும் கொஞ்சம் என்று இருந்தால் வழியெல்லாம் அழுகைதான்.

ஆரையம்பதி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. என் மாமியும் கடலுக்கு வரமாட்டார், அதனால் பூங்காதான். இவரிடம் பாண் வாங்கச் சொல்லிவிட்டேன், விடிய போகிறோம். தம்பிக்கும் ஒரு பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு.

கல்லடிக்காரன்:
சந்தோசமாகப் போய் வாருங்கள் அக்கா. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும். அப்போது தம்பியோடு பிள்ளைகளை ஒருநாள் இங்கே அனுப்புங்கள்.