புதுப்பிப்பு: சீன ஸ்கொயரா, இந்தோனேசிய ஸ்கொயரா?

ஸ்கொயர் பிராண்டின் கிளாசிக் வைப் ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிட்டாரில், பழைய சீனத் தயாரிப்பு, புதிய இந்தோனேசியத் தயாரிப்பு இரண்டில் எதை வாங்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, முடிவாகிவிட்டது. தெப்பக்குளம் பகுதியில் ஒருவர் விற்ற பழைய சீனத் தயாரிப்பையே வாங்கிவிட்டேன்.

2008-ல் வந்த இந்த வரிசை முதலில் சீனாவில்தான் தயாரானது, 2019-ல் இந்தோனேசியாவுக்கு மாறியது. சீரியல் நம்பர் 'சி'யில் தொடங்கினால் சீனா, 'ஐ'யில் தொடங்கினால் இந்தோனேசியா. கம்பி அதிரும் நீளம் இரண்டிலும் 25.5 அங்குலம்தான்.

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இருந்த புதிய இந்தோனேசிய கிட்டாரும் அருமையானது. ஆனால் அண்ணன் ஒருவர் இங்கே சொன்னபடி, நெக்கின் (கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதி) இரு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். நம்மூர் வறண்ட வெயிலில் மரம் சுருங்கினால் அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களின் முனைகள் வெளியே துருத்தும், கையைக் கீறும். தெப்பக்குளத்து கிட்டார் பல சித்திரை வெயிலைப் பார்த்தது. முனைகள் இன்னும் வழுவழுப்பாக இருக்கின்றன. புதியதற்கு அந்தச் சோதனை இனிமேல்தான். எனக்கு இதுவே போதுமான காரணம். தொழிற்சாலையின் பெயரைவிடக் கையில் இருக்கும் நெக்கை நம்புகிறேன்.

12-வது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை 1.6 மி.மீ.க்கு இறக்கினேன். கம்பி ஃபிரெட்டில் உரசும் இரைச்சல் எங்கேயும் இல்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அந்த அண்ணனுக்கு!